சாட்சி சொல்லாத ஞாயிறு

காணிக்கையைப் பெருக்குவது எப்படி என்று நேற்று உங்களில் ஒருவர் கேட்டார். இளைய ஆயர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. வர வேண்டியதுதான். சபையை நடத்துகிறவனுக்கு ஜெபமும் தெரிய வேண்டும், வரவு செலவும் தெரிய வேண்டும். கொடுங்கள் என்று மக்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். பெரிய பட்ஜெட் போடப் பயப்படாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் டெல்லியில் என் சபை என்றும் இல்லாத அளவுக்குக் கை திறந்து கொடுத்த அந்த மாதங்களில், எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்த ஒரு சிறுமிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், நான் சொல்வது பாதி உண்மைதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே போனேன். எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கோல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் கோயில். காலையில் அங்கே ஆங்கில ஆராதனை, அது முடிந்ததும் இந்தி ஆராதனை, வெயில் தாழ்ந்த பிறகு எங்களுக்கு. முன்வரிசைகளில் மத்திய அரசு ஊழியர்களின் குடும்பங்கள் உட்காரும். நடுவில் நர்சுகளும் ராணுவத்தில் இருப்பவர்களும். கடைசி வரிசைகளில் மதராசி கேம்ப் பெண்கள். ஜங்புராவை ஒட்டி ஓடும் பெரிய நாலாவின் கரையில், தகரத்தையும் சாக்கையும் கொண்டு கட்டிய குடிசைகள்தான் அந்தக் கேம்ப். டெல்லியில் சாக்கடைக் கால்வாயை நாலா என்பார்கள். அந்தப் பெண்கள் சுற்றுவட்டாரத்துக் கோட்டிகளில், அதாவது பங்களா வீடுகளில், பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துப் பிழைத்தார்கள். ஞாயிறன்று பஸ் பிடித்து வருவார்கள். திரும்பிப் போகவும் பஸ் பிடிக்க வேண்டுமே, கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். முன்வரிசைக்காரர்கள் ஆசீர்வாதம் வாங்கித் திரும்பும்போது பின்வரிசைகள் காலியாக இருக்கும். ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காகப் பாடியும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

எங்கள் பொருளாளர் செல்லையா, சாயர்புரம் பக்கத்துக்காரர். ஓர் அமைச்சகத்தில் கணக்கு அதிகாரி. நேர்மையான மனிதர், ஆனால் பட்ஜெட் என்றால் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: போன வருடம் வந்ததை எடுத்துக்கொள்வது, விலைவாசிக்காகக் கொஞ்சம் கூட்டுவது, கோடு போட்டு மூடுவது. நான் ஏதாவது புதிதாகச் சொன்னால் சிரிப்பார்.

"சட்டியில இருக்கதுதான அய்யா அகப்பையில வரும்."

"சட்டியைக் கொஞ்சம் பெரிசா வாங்கலாமே, செல்லையா?"

"வாங்கலாம். எரிக்க விறகு வேணும்லா?"

எனக்கு அவரோடு வாக்குவாதம் செய்யத் தோன்றுவதில்லை. ஆனால் அந்தச் சபையால் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகையன்று பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு கொண்டுவந்து வைக்கும் பொருள்களை ஏலம் விடும்போது, ஊரிலிருந்து ரயிலில் வந்த ஒரு பலாப்பழத்துக்கு இரண்டு அதிகாரிகள் விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டு, விலை எங்கேயோ போய், கடைசியில் ஜெயித்தவர் அதை அங்கேயே வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கோயில் வாசலே சிரித்தது. ரேஷனில் அரிசியைவிடக் கோதுமை அதிகம் கொடுத்த காலம் அது. அப்போதும் எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கொடுக்க மனம் இல்லாத ஜனம் இல்லை. எதற்காக என்று அவர்கள் கண்ணால் கண்டதில்லை, அவ்வளவுதான்.

ஓர் ஆகஸ்டு மாதம் கண்டார்கள்.

கேம்ப்பில் எஸ்தர் என்ற பெண் இருந்தாள். விழுப்புரம் பக்கம். கணவன் மாசிலாமணி கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். வேலை ஃபரீதாபாத்தில் இருந்தால் வாரக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுவான். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஷீலா, அப்போது பால் பற்கள் விழத் தொடங்கிய வயசு. இளையவன் தாவீது, ஓடப் பழகியிருந்தான். எஸ்தர் காலையில் வேலைக்குப் போகும்போது மகனை மகளிடம் விட்டுப் போவாள். கேம்ப்பில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான்.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் இரவெல்லாம் பெய்து விடிந்த பிறகும் மழை விடவில்லை. நாலாவில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வந்தது. அது கொஞ்ச நேரம்தான் வரும், விட்டால் மறுநாள்தான். ஷீலா தம்பியைக் குடிசைக்குள் உட்காரவைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அவள் வாளியோடு திரும்பியபோது தம்பி இல்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் அவனை எடுத்தார்கள், கீழே பாலத்துத் தூண் பக்கத்தில்.

அடக்கத்துக்கு முன் ஜெபிக்க நான் கேம்ப்புக்குப் போனபோது சபையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் தடவை. செல்லையா ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார். பாலிஷ் போட்ட ஷூவோடு கணுக்கால் சேற்றில் நின்றார். பெட்டி சிறியது. தூக்க இரண்டு பேர் போதும். மாசிலாமணி ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்துக்கு வரவேண்டிய அவன் தம்பி இன்னும் வந்து சேரவில்லை. யாரும் எதுவும் சொல்லாமலே செல்லையா குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவர் என் பக்கத்தில் நடந்தார். ஷூவில் ஒட்டிய சேற்றை உதறினார். பிறகு கேட்டார்:

"அய்யா, இந்த ஜனங்களுக்குன்னு நம்ம பட்ஜெட்டுல என்ன இருக்கு?"

"பட்ஜெட் போட்டவர் நீங்கதானே செல்லையா."

"ஒண்ணும் இல்ல," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணுமே இல்ல அய்யா."

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திட்டத்தைப் பார்த்து எல்லோரும் திகைத்துப் போனார்கள். கேம்ப்புக்குப் பக்கத்தில், போகல் என்ற பகுதியில் இரண்டு அறைகள் வாடகைக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முழு நேரமும் இரண்டு பெண்கள். பால், மத்தியானச் சாப்பாடு, குளிர்காலத்துக்குக் கம்பளி. தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப் போய், திரும்பும்போது கூட்டிப் போகலாம். சபையின் ஒரு வருட வருமானம் முழுவதையும் கொட்டினாலும் போதாது. "எங்கேர்ந்து வரும்?" என்று ஒருவர் கேட்டார். "வர வைக்கணும்," என்றார் செல்லையா. விறகைப் பற்றிப் பேசிய அதே மனிதர்.

வர வைத்தவர் மேட்ரன் அக்கா. ஞானசுந்தரி என்பது பெயர். பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்சுகளுக்குத் தலைவி. தனி ஆள். டெல்லிக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழ் நர்சுகளுக்கெல்லாம் தாய் வீடு அவர் குவார்ட்டர்ஸ்தான். அவர் எழுந்து நின்றால் சபை நிமிர்ந்து உட்காரும். ஞாயிறுதோறும் அறிவிப்பு நேரத்தில் அவர் தாவீதைப் பற்றிப் பேசினார். நாடகம் கிடையாது. உண்மையான துக்கம்தான். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: "பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும். ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே!"

சபை கொடுத்தது. நான் அதுவரை அப்படிக் கண்டதில்லை. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்ததிலிருந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு ஹவில்தாரின் மனைவி காதுத் தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள். முன்வரிசை ஆண்கள் அழுதார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். எத்தனையோ பிரசங்கத்தாலும் அசையாத கல்லெல்லாம் அசைந்தது. நவம்பர் கடைசியில் ஒரு பொருத்தனை ஞாயிறு வைத்து, வரும் வருடத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் என்ன தரும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் எனத் தீர்மானித்தோம். மற்ற சபைகளிலிருந்தும் வசதியானவர்களை அழைத்திருந்தார்கள். அன்று எஸ்தர் முன்னால் வந்து தன் பிள்ளையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது மேட்ரன் அக்காவின் ஏற்பாடு. பிள்ளைகள் காப்பகத்துக்குத் தாவீதின் பெயரை வைப்பது என்றும் பேச்சு.

இதற்கிடையில் எஸ்தர் கோயிலுக்கு வருவது நின்றிருந்தது.

முதலில் கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு அறிவிப்பு நேரம் வந்தால் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பாள். பிறகு வரவே இல்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். கேம்ப்பிலிருந்து வரும் மற்றப் பெண்கள் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு நாள் மத்தியானம், வேலை வீடுகளிலிருந்து அவள் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து நான் போனேன்.

கதவு திறந்திருந்தது. எஸ்தர் ஒரு மோடாவை, பிரம்பு முக்காலியை, எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். ஷீலா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"ஷீலா, பக்கத்து வூட்டு ஆன்ட்டிகிட்ட போய் கொஞ்சம் சர்க்கர வாங்கிட்டு வா," என்றாள் எஸ்தர். மகள் போன பிறகு, சத்தம் கேட்காத தூரம் போகும்வரை வாசலையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஐயா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அக்கா நல்லவங்க. எங்களுக்காகத்தான் கேக்குறாங்க. எங்க ஜனங்களுக்கு நல்லது வருது, எனக்குத் தெரியாதா? ஆனா வாரா வாரம் அந்தப் பேச்சு வேணாங்கய்யா."

"உனக்குக் கஷ்டமா இருக்குன்னு…"

"எனக்கில்லீங்கய்யா. என் கஷ்டம் பேசினாலும் இருக்கும், பேசலன்னாலும் இருக்கும்." முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஒரு நாள் கோயில்லேர்ந்து பஸ்ல வர்றோம். ஷீலா மடியில உக்காந்துருந்தா. திடீர்னு கேக்குறா. 'அம்மா, ஆளு இல்ல, ஆளு இல்லன்னு சொல்றாங்களே, நான் இருந்தேனேம்மா'ன்னு."

எஸ்தர் மறுபடி ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"அவளுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்? நீ இருந்தன்னு சொன்னா, இருந்தும் போயிட்டானேன்னு ஆவும். நீ இல்லன்னு சொன்னா, அப்பவும் அவ தலையிலதான் வுழும். அன்னிலேர்ந்து கொழாகிட்ட போவ மாட்டேங்குறா. வாளியத் தொட மாட்டேங்குறா. புள்ளைங்களோட வெளையாடப் போறதில்ல. ராத்திரி எழுந்து நான் பக்கத்துல இருக்கனான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறா. அவ்ளோ பேரு அழுதாங்க இல்ல, கோயில்ல? அத்தன பேரும் அவளுக்காவ அழுவல. அவளப் பாத்து அழுவுறாங்கன்னு நெனச்சுக்கினா."

"முன்னால வந்து பேசறதுக்கு நீ ஒத்துக்கிட்டதா அக்கா சொன்னாங்களே?"

"இவ்ளோ செய்யிறவங்க கேக்குறாங்க. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள். நாங்கள் கொடுக்கப்போகும் பாலுக்கும் கம்பளிக்கும் அவள் முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

ஷீலா ஒரு டம்ளரில் சர்க்கரையோடு வந்தாள். அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் மூலைக்குப் போனாள்.

பொருத்தனை ஞாயிறுக்குச் சில நாள்களே இருந்தன. கமிட்டியைக் கூட்டி, கேம்ப்பில் கேட்டதைச் சொன்னேன். இனி அந்தப் பிள்ளையின் சாவைப் பற்றிக் கோயிலில் பேசக் கூடாது, எஸ்தரை முன்னால் நிறுத்தக் கூடாது, காப்பகத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றேன்.

"அய்யா, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க," என்று செல்லையா தொடங்கினார். "வாடகைக்கு அட்வான்ஸ் பேசியாச்சு. ரெண்டு பொம்பளைகளுக்கு வேலைன்னு வாக்குக் குடுத்தாச்சு. வெளிய இருந்து வாறவங்களுக்கு இந்தக் கேம்ப் எங்க இருக்குன்னே தெரியாது. அந்தத் தாயி முகத்தப் பாத்தாத்தான் குடுப்பாங்க. ஒரே ஒரு நாளு. அந்தப் பிள்ளைய அன்னைக்கு வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லுவோம்."

அது தவறான வாதம் அல்ல. கேம்ப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் நாலாக் கரையில் தனியாகத் திரிந்தார்கள். அறை ஒன்று குறைந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு இடம் இருக்காது. ஒரு சிறுமியின் மனசு ஒரு பக்கம், பல பிள்ளைகளின் உயிர் மறுபக்கம் என்று தராசைப் பிடித்தால் எந்தப் பக்கம் தாழும்? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது புத்தகத்தில் விடை இருக்காது.

மேட்ரன் அக்கா எதுவும் வாதாடவில்லை. "நான் அவளுக்காகத்தானே பேசினேன், ஐயா?" என்று மட்டும் கேட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

முடிவு சொல்ல மறுநாள்வரை நேரம் கேட்டேன். மறுநாள் கோயிலில் இந்திச் சபையின் மூத்த ஆயரைப் பார்த்தேன். அவரும் நானும் ஒரே உடுப்பறையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். அதிகம் பேசாத பஞ்சாபி. நடந்ததைச் சொன்னேன். அவர் அங்கியை மடித்துக்கொண்டே கேட்டார். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. தன் கதையைத்தான் சொன்னார்.

அவருடைய தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் செத்துப்போனார்கள். மிஷன் போர்டிங்கில் வளர்ந்தார். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அவரை முன்னால் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வார்களாம். "ஒரு ஸ்வெட்டர் கிடைத்தது, பாதரி சாஹப். நல்ல ஸ்வெட்டர். அது இல்லாவிட்டால் அந்தக் குளிரில் செத்திருப்பேன். கொடுத்தவர்களை இன்றைக்கும் ஆசீர்வதிக்கிறேன்." அங்கியை அலமாரியில் வைத்தார். "ஆனால் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போனாலும், அங்கே என் அப்பா செத்துக்கொண்டே இருந்தார்."

வேறு எதுவும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

பொருத்தனை ஞாயிறன்று கோயில் நிரம்பியிருந்தது. வெளியிலிருந்து வந்த விருந்தினருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எஸ்தர் வரவில்லை. வர வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். நான் எழுந்து, போகலில் பார்த்து வைத்திருக்கும் இரண்டு அறைகளைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, வெயில் எப்போது உள்ளே விழும், காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். தாய்மார் எங்கெங்கே வேலைக்குப் போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று சொன்னேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் பால் கொடுக்க என்ன ஆகும் என்று சொன்னேன். "இன்றைக்குச் சாட்சி கிடையாது. அழவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இவர்கள் நம் சபையார். இது நம் செலவு. அவ்வளவுதான்," என்று முடித்தேன்.

யாரும் அழவில்லை. விருந்தினர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொருத்தனைச் சீட்டுகள் வந்தன. செல்லையா உடுப்பறையில் உட்கார்ந்து கூட்டினார். கூட்டி முடித்துப் பேனாவை மூடி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாங்கள் போட்ட பட்ஜெட்டில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. வாசலில் ஒரு கமிட்டி உறுப்பினர், "நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த அடுப்புல தண்ணிய ஊத்திட்டீங்களே, ஐயா," என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

ஜனவரியில் ஓர் அறைதான் திறந்தோம். ஒரு பெண்தான் வேலைக்கு. இரண்டாமவளிடம் போய் இல்லை என்று சொன்னவன் நான். முதல் நாளே இடம் நிரம்பிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த தாய்மாரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் சண்டை போடவில்லை. "சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளோடு நாலாக் கரைக்கே திரும்பிப் போனார்கள். அவர்கள் போவதை நின்று பார்த்தேன். என் தீர்மானம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் விலையை நான் கொடுக்கவில்லை, அந்தத் தாய்மார் கொடுத்தார்கள். சரியான தீர்மானம் எடுத்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மேட்ரன் அக்கா வெகு காலம் என்னோடு பேசவில்லை. ஆனால் ஓய்வு நாள்களில் பஸ் ஏறிப் போகலுக்குப் போய், தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, தலை வாரி விடுவதாகக் கேள்விப்பட்டேன். கோயிலில் அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் காணிக்கைக்காகப் பேச எழுந்ததில்லை. எழுந்திருக்கலாம். யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தனை நல்ல குரலை நாங்கள் இழந்தோம். அந்த வருத்தமும் எனக்கு உண்டு.

செல்லையா விடவில்லை. அடுத்த வருடமும் அதே இரண்டு அறை பட்ஜெட்டைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வருடமும். கமிட்டி வெட்டும், அவர் மறுபடி எழுதிக்கொண்டு வருவார். கேட்டால், "தேவை குறையலயே அய்யா, நான் ஏன் குறைக்கணும்?" என்பார். இரண்டாவது அறை திறக்கும்போது அவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகியிருந்தது. பெரிய பட்ஜெட் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். கண்ணீர் காய்ந்த பிறகும் அதே தேவையை மறுபடி எழுதுகிறவன் வேண்டும்.

எஸ்தர் குடும்பம் காப்பகம் திறப்பதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. அந்த நாலாவைத் தினமும் தாண்டி வேலைக்குப் போக அவளால் முடியவில்லை. டிசம்பர் மாதம் ஒரு சாயங்காலம், ஜி.டி. எக்ஸ்பிரஸில் அனுப்பிவைக்க ஸ்டேஷனுக்குப் போனேன். மாசிலாமணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பிளாட்பாரத்தில் ஒரு பெட்டியின் மேல் ஷீலா உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களின் பழைய ஸ்வெட்டர் ஒன்று முழங்கால்வரை தொங்கியது.

எஸ்தர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஐயா, நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. கோயில் ஐயா சொன்னாருன்னு இருக்கட்டும்."

நான் அந்தப் பிள்ளையின் எதிரே குந்தி உட்கார்ந்தேன். எத்தனையோ மரண வீடுகளில் பேசியவன். ஒரு பிள்ளையிடம் இப்படிப் பேசியதில்லை.

"ஷீலா, அன்னைக்கு நீ எங்க போயிருந்தே?"

ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "பானி எடுக்க," என்றாள்.

"அது உன் வேலை. அதை நீ சரியாத்தான் செஞ்சே. தம்பியைப் பாத்துக்கிறது உன் வேலை இல்லைம்மா. நீ சின்னப் பிள்ளை. அது பெரியவங்க வேலை. எங்க வேலை."

அவள் முதல் முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை. வழி கேட்பவர்கள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்போ நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?"

பக்கத்தில் எஸ்தர், "ஏய்!" என்று அதட்டினாள். நான் கையமர்த்தினேன். பொய் சொல்ல முடியாத கேள்வி அது.

"நாங்க கோயில்ல இருந்தோம்மா," என்றேன். "உங்க வீட்டுப் பக்கம் வரல."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"அச்சா," என்றாள். பெட்டியிலிருந்து இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலில் ஏறினாள்.